கண்ணாடி வீட்டுக் கதவு

அம்மை போட்ட வீட்டில் தாளிக்க மாட்டார்கள். என் வயசுக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. வாசலில் வேப்பிலை செருகிவிட்டால் பால்காரர் தெருவிலேயே நின்றுவிடுவார். பிச்சைக்காரர்கூட நம் வீட்டைத் தாண்டிப் போய்த்தான் குரல் கொடுப்பார். உள்ளே இருக்கிறவர் வெளியே போகக்கூடாது, வெளியே இருக்கிறவர் உள்ளே வரக்கூடாது, ஒரு துரும்பு வாசப்படியைத் தாண்டக்கூடாது. உங்களுக்கெல்லாம் அது பதினைந்து நாள் சமாச்சாரம். தலைக்கு மூன்றாம் தண்ணி ஊற்றி, வேப்பிலையை ஆற்றில் விட்டு, அடுப்பில் கடுகு வெடித்துவிட்டால் தீர்ந்தது. எங்கள் வீட்டில் தீரவில்லை. அதற்குக் காரணம் நான். நானும் ஒரு இங்கிலீஷ் படக்கதைப் புத்தகமும்.

அந்தப் புத்தகத்தைப் போன மாதம் மறுபடி பார்த்தேன். அறுபத்து மூன்று வருஷம் கழித்து! அன்றிலிருந்து எனக்கு ராத்திரிச் சோறு சரியாக இறங்கவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

திருச்சியில் மலைக்கோட்டைக்குக் கீழே எங்கள் வீடு. இரண்டு பக்கமும் ஜவுளிக் கிடங்கு, நடுவில் இடுக்கி வைத்த மாதிரி நாங்கள். பக்கச் சுவரில் ஜன்னல் கிடையாது. முன்னால் ஒரு வாசல், பின்னால் கையகலக் கொல்லை, அவ்வளவுதான் வெளிச்சம். கொல்லையில் நின்று அண்ணாந்தால் பாறையின் ஒரு துண்டு தெரியும். அப்பாவுக்கு மொத்த ஜவுளிக்கடையில் துணி கிழிக்கிற வேலை. அம்மா, அப்பாவின் அக்காவான அத்தை, என் அக்கா, நான். அத்தை சின்ன வயதிலேயே தாலியறுத்தவள். சாமி விஷயத்தில் அவள் சொன்னதுதான் எங்கள் வீட்டுச் சட்டம்.

அக்காவுக்கும் எனக்கும் ஒன்பது வருஷ வித்தியாசம். கான்வென்ட்டில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு, டீச்சர் டிரெயினிங் போகிறேன் என்று நின்றாள். “பாக்கலாம்” என்றார் அப்பா. அப்பாவின் “பாக்கலாம்” எப்படிப்பட்டது என்று எங்களுக்குத் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் ஸ்ரீரங்கத்திலிருந்து வரன் வந்தது. பாத்திரக்கடைக்காரர். மனைவி செத்து ஒரு வருஷம். வயது முப்பத்தெட்டு. சித்திரை பிறந்ததும் பெண் பார்க்க வருகிறோம் என்று சொல்லி, ஒரு எவர்சில்வர் கூஜாவைக் கொடுத்தனுப்பியிருந்தார்கள். அத்தை அதை நாளுக்கு மூன்று தரம் துடைப்பாள். “சொந்த வீடு, கடை, ஃபேன்! அவ குடுத்து வெச்சவ” என்பாள். எனக்கு அத்தானாக வரப்போகிறவர் முகம் தெரியாது. கூஜாவைத்தான் தெரியும். அதில் என் முகம் பூசணிக்காய் மாதிரி தெரியும். அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன், அறிவு கெட்டவள்.

பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் பொன்மலையிலிருந்து வருகிற ரயில்வே கார்டின் மகள். ஆங்கிலோ இந்தியப் பெண். முட்டி தெரிகிற கவுன் போட்டிருப்பாள். டிபனுக்கு ரொட்டியும் ஜாமும் கொண்டுவருவாள். என் புளிசாதத்தைப் பார்த்தால் அவளுக்கு நாக்கு ஊறும். நாலு நாள் புளிசாதத்துக்கு அவள் அண்ணனுடைய புத்தகம் ஒரு வாரத்துக்கு என்று பேசி முடித்தோம்.

என்ன புத்தகம்! அட்டையில் மஞ்சள் வானம். நடுவில் கவிழ்த்து வைத்த கண்ணாடிக் கிண்ணம் மாதிரி ஒரு வீடு. உள்ளே மூன்று ஆண்கள், மஞ்சள் தலைமுடியோடு ஒரு பெண். ராக்கெட்டில் ஏறி ஏதோ ஒரு கிரகத்துக்குப் போனவர்கள் என்பது முதல் பக்கத்துப் படத்திலேயே தெரிந்தது. வெளியே ஒரே மூட்டம். மூட்டத்துக்குள்ளிருந்து ஒரு பெரிய கை கண்ணாடியைத் தட்டுகிறது. தாளைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தால் அத்தனை பேர் முகத்திலும் பொடிப்பொடியாகச் சிவப்புப் புள்ளி. அந்தக் காலத்து அச்சு அப்படி. மூலையில் காபி டம்ளர் வைத்த வட்டக் கறை. முகர்ந்தால் பிஸ்கட் டின் வாசனை வரும். படம் பார்க்க இங்கிலீஷ் வேண்டாம்தான். ஆனால் ஆட்கள் வாயிலிருந்து கிளம்புகிற வெள்ளைக் குமிழிகளில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் நான் பட்ட பாடு இருக்கிறதே!

புத்தகம் கைக்கு வந்த மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தது. நாலாம் நாள் வயிற்றில் முத்து. “ஆத்தா வந்துட்டா” என்றாள் அத்தை. என் கையைத் தூக்கிப் பார்த்தேன். அந்தப் புத்தகத்து ஆட்களின் முகம் மாதிரியே இருந்தது.

நெல் மூட்டை வைக்கிற உள்ளறையில் என்னைப் போட்டார்கள். பங்குனி வெயில், ஜன்னல் இல்லாத அறை, தரை முழுக்க வேப்பிலை, வாசலில் நனைத்துத் தொங்கவிட்ட வேட்டி. இளநீரும் மோர்ச்சோறும்தான் சாப்பாடு. அரிப்பெடுத்தால் சொறியக்கூடாது, வேப்பிலைக் கொத்தால் தடவிக்கொள்ளலாம். சின்ன வயதிலேயே அம்மை போட்டு எழுந்தவள் என்பதால் அக்காவை எனக்குக் காவல் வைத்தார்கள். நான் எதையும் படிக்கக்கூடாது, கண்ணுக்கு ஆகாது என்று அத்தை உத்தரவு. புத்தகம் பாய்க்கு அடியில் இருந்தது. மத்தியானம் எல்லாரும் கண்ணயரும் நேரம் அக்கா அதை எடுத்து, எனக்காக மெல்லிய குரலில் படித்துக் கதை சொல்வாள்.

“யாருக்கா இந்த மஞ்சத் தலை?”

“இவதான் மூத்தவ.”

“கண்ணாடியைத் தட்டுறது?”

“வெளியிலேருந்து வந்தவன். வெளியில பூரா வெஷக் காத்து. கதவைத் தொறந்தா எல்லாரும் செத்துடுவாங்க. அதான் சொல்றாங்க பாரு, கதவைத் தொறக்காதே, வந்தவனை உள்ள விடாதே, மூத்தவளை வெளியில விடாதே.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன? கதவை மூடிக்கிட்டுப் பத்திரமா இருந்தாங்க.”

மறுநாளும் அதே கதை. அதற்கு மறுநாளும். அந்த மூன்று வரி வரும்போது நானும் கூடவே சொல்வேன். கடைசிப் பக்கத்தைக் காட்டினாளா என்று நினைவில்லை. எனக்குக் கண் எரிந்தது, மூடிக்கொண்டே கேட்டேன். அக்காவின் கை என் நெற்றியில் இருக்கும். இப்பவும் வேப்பிலை வாசனை வந்தால் எனக்கு அந்தக் குரல்தான் கேட்கிறது.

காய்ச்சல் உச்சத்துக்கு ஏறிய அன்று நடந்தது எனக்குத் தெரியாது, அத்தை சொல்லித்தான் தெரியும். விளக்கு வைக்கிற நேரம் நான் பாயில் எழுந்து நின்றேனாம். கையில் வேப்பிலைக் கொத்து. கண் எங்கேயோ பார்த்ததாம். “கதவைத் தொறக்காதே! வந்தவனை உள்ள விடாதே! மூத்தவளை வெளியில விடாதே! தொறந்தா எல்லாரும் செத்துடுவீங்க!” என்று மூன்று தரம் கத்திவிட்டு விழுந்தேனாம். அம்மா கற்பூரத்தைக் கொளுத்திவிட்டுத் தரையில் விழுந்து கும்பிட்டாள். அத்தைக்கு விளக்கமே தேவைப்படவில்லை. வந்தவன் பாத்திரக்கடைக்காரர், மூத்தவள் என் அக்கா. வேறு என்ன இருக்கிறது இதில்?

அப்பா மறுநாளே ஸ்ரீரங்கத்துக்கு ஆள் மூலம் சொல்லியனுப்பினார். மூன்றாம் தண்ணி ஊற்றிய பிறகு கூஜாவும் போயிற்று. அத்தை கடைசியாக ஒரு தரம் துடைத்துக் கொடுத்தாள். அன்றைக்கு அக்கா அடுப்படியில் முகத்தைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். நான் நெல் மூட்டைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன்.

ஏனென்றால் காய்ச்சல் இறங்கி, நான் என்ன சொன்னேன் என்று அத்தை திருப்பிச் சொன்னவுடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அக்காவிடம்தான் ஓடினேன்.

“அக்கா, அது ஆத்தா சொன்னதில்லக்கா. அந்தப் புஸ்தகத்துல வர்றது.”

அக்கா என் வாயைப் பொத்தினாள். இறுக்கிப் பொத்தினாள்.

“வாயை மூடு. ஆத்தா வாக்கை இப்பிடிப் பேசினா கண்ணு போயிடும். வாக்கு வராதப்ப வந்த மாதிரி பொய் சொன்னாலும் போயிடும். ஊதுபத்திக்காரரைப் பாத்திருக்கேல்ல?”

பார்த்திருக்கிறேன். எங்கள் சந்தில் தினமும் கம்பைத் தட்டிக்கொண்டு வருவார். பெரியம்மையில் இரண்டு கண்ணும் போனவர். முகம் முழுக்கக் குழி. அதற்குப் பிறகு நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. பாவம், அக்கா இவ்வளவு நம்புகிறாளே, இவள் வாழ்க்கையை நான் கெடுத்துவிட்டேனே என்று உள்ளுக்குள் புழுங்கினேன். ஒன்பது வயதில் என்ன புழுக்கம் என்று கேட்காதீர்கள். அந்த வயதுப் புழுக்கம்தான் கடைசிவரை வரும்.

புத்தகம் என்ன ஆயிற்று என்றால், பாயோடு சுருட்டி, வேப்பிலையோடு கட்டி, காவிரிக்குப் போயிற்று. சுருட்டியவள் அக்கா. “ஐயோ, கார்டு பொண்ணு கேப்பாளே!” என்று அழுதேன். “ஆத்தாளோட போயிடுச்சுன்னு சொல்லு” என்றாள். பள்ளிக்கூடம் போனதும் சொன்னேன். அம்மை வீட்டில் இருந்த புத்தகம் என்று தெரிந்ததும் அந்தப் பெண் பெஞ்சில் ஒரு சாண் தள்ளி உட்கார்ந்துகொண்டாள். அடுத்த வருஷம் குடும்பத்தோடு கப்பலேறிவிட்டாள்.

பாத்திரக்கடைக்காரருக்கு இரண்டே மாதத்தில் வேறு பெண் கிடைத்தது. அதோடு சரியாகிப் போயிருக்கவேண்டும், இல்லையா? ஆனால் வாக்கில் மூன்றாவது வரி ஒன்று இருந்ததே. மூத்தவளை வெளியே விடாதே. அம்மா அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். சின்னவள் பிழைத்ததே அந்த வாக்குக்குக் கீழ்ப்படிந்ததால்தான் என்று அவளுக்கு நிச்சயம். ஆத்தா உத்தரவு கொடுக்கிறவரை அக்கா வாசப்படி தாண்டக்கூடாது என்று முடிவாயிற்று. சமயபுரத்துக்குப் போய்ப் பூக்கட்டிப் பார்த்தார்கள். வெள்ளை வந்தால் விடலாம், சிவப்பு வந்தால் கூடாது. சிவப்பு வந்தது. மறுபடி கேட்க அம்மாவுக்குத் துணிச்சல் இல்லை. “வாக்கு சொன்ன வாய்தான் உத்தரவும் சொல்லணும்” என்றாள் அத்தை.

வாய் என்றால் என் வாய்.

அப்படித்தான் வெள்ளிக்கிழமைகள் ஆரம்பித்தன. ஒவ்வொரு வெள்ளியும் தலை முழுக்காட்டி, மஞ்சள் பாவாடை உடுத்தி, வேப்பிலைக் கொத்தைக் கையில் கொடுத்துச் சாமி மாடத்துக்கு முன்னால் என்னை உட்கார வைப்பார்கள். கற்பூரம் எரியும். அம்மா கையைக் கூப்பிக்கொண்டு, பெற்ற பெண்ணைப் பார்த்து, “தாயே, பெரியவளுக்கு உத்தரவு குடு தாயே” என்பாள். எனக்கு முதுகு அரிக்கும், கால் மரத்துப்போகும். வாயைத் திறக்கமாட்டேன். பொய் சொன்னால் கண் போய்விடும், உண்மை சொன்னாலும் கண் போய்விடும். கற்பூரம் அணைந்ததும் அம்மா பெருமூச்சு விட்டு எழுந்து போவாள். அக்கா அடுப்படி வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்கு அவளை நிமிர்ந்து பார்க்க முடியாது.

நான் பள்ளிக்கூடம் போனேன், தெப்பக்குளத்தருகில் ஐஸ் வாங்கித் தின்றேன், சித்திரைத் தேருக்கு ஸ்ரீரங்கம் போனேன். அவள் கொல்லைக்கும் வாசப்படிக்கும் நடுவில் நடந்தாள். கிடங்கில் மூட்டை இறக்குகிற சத்தத்தை வைத்து மணி சொல்வாள். நான் வீட்டுக்குள் நுழைந்ததும் என் பாவாடையில் ஒட்டிய தூசியைத் தட்டிவிட்டு, “இன்னிக்குத் தெருவுல என்ன விசேஷம்?” என்று கேட்பாள். முதல் வருஷம் சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். அந்தச் சிரிப்பு எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை.

மூன்றாம் வருஷம் அக்கா படித்த கான்வென்ட்டின் தலைமை சிஸ்டர் எங்கள் வீட்டைத் தேடி வந்தார். வெள்ளை அங்கி வியர்வையில் நனைந்திருந்தது. டீச்சர் டிரெயினிங்கில் ஒரு இடம் இருக்கிறதாம், ஹாஸ்டலும் உண்டாம், படிப்புக்குச் சம்பளம் கட்டவேண்டாமாம். “உங்க பொண்ணை மாதிரி இங்கிலீஷ் படிச்ச பொண்ணு எனக்கு அப்புறம் கெடைக்கலைம்மா. அனுப்பி வைங்க” என்றார்.

அம்மா வாசப்படிக்கு இந்தப் பக்கம் நின்று, “உத்தரவு வரலைங்களே சிஸ்டர்” என்றாள்.

“யார் உத்தரவு? உங்க வீட்டுக்காரரா?”

“ஆத்தா உத்தரவுங்க.”

சிஸ்டருக்கு ஒன்றும் புரியவில்லை. ரெண்டு வாரம் இடத்தை வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். ரெண்டு வாரம் என்றால் ரெண்டு வெள்ளிக்கிழமை.

முதல் வெள்ளி, வழக்கமாக அடுப்படி வாசலில் நிற்கிற அக்கா வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். எனக்கு நேர் எதிரே. கையைக் கூப்பிக்கொண்டாள். அட, நம்மையே சாமியென்று கும்பிடுகிறாளே என்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது. சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. “போகட்டும்” என்ற ஒரே சொல். அந்த நேரம் பார்த்துச் சந்தில் கம்பு தட்டுகிற சத்தம் கேட்டது. ஊதுபத்திக்காரர். நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

இரண்டாம் வெள்ளி மத்தியானம் எனக்குத் தலை பின்னிக்கொண்டே அக்கா கேட்டாள்.

“ஏன்டி, இன்னிக்கு ஆத்தா ஏதாவது சொல்லுவாளா?”

“தெரியலியேக்கா.”

“மனசுக்குத் தோணுறதைச் சொன்னாலும் அது ஆத்தா சொல்ற மாதிரிதான்டி.”

“பொய் சொன்னா கண்ணு போயிடுமேக்கா.”

அவள் கை நின்றுவிட்டது. பிறகு ரொம்ப இறுக்கமாகப் பின்னினாள். தலை விண்விண்ணென்று தெறித்தது. வலிக்கிறது என்று கத்தினேன், அவளுக்குக் காது கேட்ட மாதிரியே இல்லை. அன்று சாயங்காலமும் கற்பூரம் எரிந்து அணைந்தது. நான் வாய் திறக்கவில்லை. சிஸ்டர் அந்த இடத்தை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்.

நான் பெரியவளானது அதற்கு இரண்டு மாதம் கழித்து. என்னை ஓலைத் தடுப்புக்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டு அத்தை ஓவென்று அழுதாள். வயசுக்கு வந்ததற்கு யாராவது அழுவார்களா? “சமைஞ்ச பொண்ணு மேல வாக்கு வராதே! இனிமே பெரியவளுக்கு யாரு உத்தரவு சொல்லுவா?” என்றாள். பூட்டிய கதவுக்குச் சாவி கிணற்றில் விழுந்துவிட்டது. தடுப்புக்கு அந்தப் பக்கம் அக்கா எனக்கு உளுந்தங்களி கிண்டிக்கொண்டிருந்தாள். கரண்டிச் சத்தம் ஒரு நிமிஷம் நின்றது, மறுபடி கேட்டது.

எனக்குப் பத்தொன்பதில் கல்யாணம். மூத்தவள் இருக்கச் சின்னவளுக்கு. மாப்பிள்ளைக்குத் திருவெறும்பூரில் ஃபேக்டரி வேலை. என் டிரங்குப் பெட்டியை அடுக்கிக் கொடுத்தவள் அவள். வாசப்படிவரை வந்து, அதற்குள்ளேயே நின்று, கையை ஆட்டினாள். நான் வண்டியில் அழுத அழுகையைப் பார்த்து, புகுந்த வீட்டை நினைத்துப் பயப்படுகிறாள் என்று சமாதானம் சொன்னார்கள்.

அத்தை போனாள், அப்பா போனார். அம்மா படுக்கையில் விழுந்த பிறகு ஒரு நாள் வீட்டில் மண்ணெண்ணெய் இல்லை. அக்கா ரேஷன் கார்டை எடுத்துக்கொண்டு, டின்னைத் தூக்கிக்கொண்டு, படி தாண்டி நடந்து போய் வாங்கி வந்தாள். அப்போது அவளுக்கு முப்பத்தி நாலு வயது. யாரும் சாகவில்லை. அம்மா மட்டும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதன் பிறகு அக்கா பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் டியூஷன் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தாள். கல்யாணம் கட்டவில்லை. இப்போது எடமலைப்பட்டி புதூரில் ஒற்றை அறை வீட்டில் தனியாக இருக்கிறாள். எண்பத்தொன்று. மாதம் இரண்டு தரம் நான் பஸ் மாறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். தைலம், முறுக்கு, மெத்தையுறை என்று எதையாவது தூக்கிக்கொண்டு போவேன். “எதுக்குடி இவ்வளவு?” என்பாள். எதற்கென்று சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை.

போன மாதம் என் பேத்தியிடம் பேச்சுவாக்கில் அந்த அட்டைப் படத்தைச் சொன்னேன். மஞ்சள் வானம், கண்ணாடி வீடு, கை. “இருங்க பாட்டி” என்று போனை நோண்டினாள். கால் மணி நேரம்கூட ஆகவில்லை, “இதுவா?” என்று நீட்டினாள். போனை அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன். யாரோ எங்கேயோ பத்திரமாக வைத்திருந்து, பக்கம் பக்கமாகப் படமெடுத்துப் போட்டிருக்கிறார்கள். காபிக் கறை மட்டும் இல்லை. பேத்தி அதைக் கலர் பிரிண்ட் எடுத்து, ஸ்பைரல் போட்டுக் கொடுத்தாள்.

ராத்திரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நானே படித்தேன். இப்போது எனக்கு இங்கிலீஷ் தெரியுமே! இரண்டு தரம் படித்தேன், மூன்றாம் தரமும் படித்தேன். மூத்தவள் என்று அதில் யாருமே இல்லை. வந்தவனை விடாதே என்று யாரும் சொல்லவில்லை. ஆண்கள் மூன்று பேரும் பயந்து நடுங்குகிறார்கள். அந்த மஞ்சள் தலைமுடிக்காரி வெளிக்காற்றை அளக்கிற மீட்டரைப் பார்க்கிறாள். முள் பச்சையில் நிற்கிறது. வெளியே தட்டுகிறவன், அவர்களுக்கு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்தவர்களில் ஒருத்தன். கடைசிப் பக்கத்தில் அவள்தான் சொல்கிறாள், கதவைத் திற என்று. திறந்துகொண்டு வெளியே நடக்கிறாள். மூட்டம் விலகியிருக்கிறது.

புத்தகம் மடியில் கிடந்தது. அப்படியானால் அக்கா எனக்குப் படித்துச் சொன்னது எந்தக் கதை?

மறுநாளே புறப்பட்டுப் போனேன். அக்கா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் புத்தகத்தை வைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு அட்டையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“இதுல கதவைத் தொறக்கத்தானேக்கா சொல்றா?”

“ஆமா.”

“அன்னிக்கே உனக்குத் தெரியும்.”

“படிச்சது நான்தானேடி” என்றாள் நிதானமாக. பிறகு ஒரு சின்னச் சிரிப்பு வந்தது. “இதைப் படிக்க உனக்கு இத்தனை வருஷமாச்சா?”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “நான் அறுபது வருஷமா செத்துச் செத்துப் பொழைச்சிருக்கேன், நீ சிரிக்கிறியா? உன் வாழ்க்கையை நான் கெடுத்துட்டேன்னு நெனச்சு நான் எத்தனை நாள் அழுதிருப்பேன்!”

“அந்தக் கெழவனுக்கு வாக்கப்படக்கூடாதுன்னு நெனச்சேன். நான் சொன்னா யாரு கேப்பா? ஆத்தா சொன்னா கேப்பாங்க. நீ காய்ச்சல்ல எதைச் சொல்லிக் குடுத்தாலும் திருப்பிச் சொல்லிக்கிட்டிருந்தே.” அவரைக்காயை ஒதுக்கி வைத்தாள். “ரெண்டு மாசம் தாங்கினா போதும், அந்த ஆளு வேற எடம் பாத்துப்பான்னு கணக்குப் போட்டேன். பாத்துக்கிட்டான். கூஜா போன அன்னிக்குச் சிரிப்பை அடக்க முடியாம மூஞ்சியை மூடிக்கிட்டேன். ஆனா வேலியில போன ஓணானை மடியில எடுத்து விட்டுக்கிட்டேன்டி. மூத்தவளை வெளியில விடாதேன்னு ஒரு வரியை நான் எதுக்குச் சேத்தேன்?”

“சிஸ்டர் வந்தாங்களே, அப்பவாவது எங்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமேக்கா!”

“நீ ஓட்டைவாய். அத்தைகிட்ட ஒளறிட்டேன்னா? வாக்கே பொய்னு தெரிஞ்சா அம்மா அன்னிக்கே உசிரை விட்டிருப்பா. நீயா சொல்லுவேன்னு நெனச்சேன். ரெண்டு வெள்ளிக்கிழமையும் உன்னைக் கும்பிட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன்.”

“கண்ணு போயிடும்னு நீதானேக்கா சொன்னே?”

“ஆமா” என்றாள். “நான்தான் சொன்னேன்.”

தெருவில் ஒரு குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது. எனக்கு அழுகை வந்தது, அடக்கவும் இல்லை. அவளைத் திட்டவேண்டுமா, கட்டிக்கொள்ளவேண்டுமா என்று தெரியவில்லை. அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தாள்.

“எனக்கு எழுத்துத் தெரியலைடி. கடைசிப் பக்கத்தைப் படி. தமிழ்ல சொல்லு.”

பக்கத்தைப் புரட்டினேன். விரலை வரியில் வைத்துப் படித்தேன்.

“வெளியில காத்து நல்லாத்தான் இருக்கு. கதவைத் தொற. நான் போறேன்.”

அக்கா கண்ணை மூடியிருந்தாள். இரண்டு கையும் மடியில் சேர்ந்திருந்தன, அந்த வெள்ளிக்கிழமை என் எதிரே உட்கார்ந்திருந்த மாதிரியே.

“இன்னொரு தடவை சொல்லு” என்றாள்.

சொன்னேன்.